அறைக்குள் ஒரு வண்டு

ஜூன் 3

அக்காவுக்கு,

போனில் பேசினால் நமக்குச் சண்டைதான் வருகிறது. போன வாரம் நீ கத்தி, நான் கத்தி, கடைசியில் அம்மா என் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். "இனிமே ரெண்டு பேரும் தாள்ல எழுதிக்கோங்க. எழுதினா கை வலிக்கும், திட்டு குறையும்" என்பது தீர்ப்பு. மெயில் அனுப்புகிறேன் என்றேன். அதுவும் கூடாதாம், அதில் அடுத்த நிமிஷமே பதில் வந்துவிடுமாம். பீரோ சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. எனவே எழுதுகிறேன்.

நீ அந்தப் பெரிய ஸ்டூடியோவுக்கு வேலைக்குப் போனபோது "போனா போ, எனக்கென்ன" என்று நான் சொன்னதை இன்னும் மனதில் வைத்திருக்கிறாய் என்று தெரியும். அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். இப்போது உன் உதவி வேண்டும்.

அந்தப் பெரிய நாவலை ஒலிப்புத்தகமாக வாசிக்க ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னேனே, அவர்களுக்கு மாதிரிப் பதிவு அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். பின்னால் ஒரு இரைச்சல் விடாமல் கேட்கிறதாம், குரலும் மெலிதாக இருக்கிறதாம். மாதக் கடைசிக்குள் இன்னொரு மாதிரி அனுப்பினால் கேட்பார்கள். அதுவும் சரியில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். குரல் மெலிசு என்பது எனக்குப் பழகிப்போன வசவு. அதை ஒன்றும் செய்ய முடியாது. இரைச்சலுக்காவது ஒரு வழி சொல்.

நீ இருந்தபோதும் அந்த வண்டு இருந்தது. 'ம்ம்ம்' என்று அது பாட்டுக்கு அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருக்கும். நீ கம்ப்யூட்டரில், சத்தத்தை வடிகட்டுகிற கத்தரியைப் போட்டு அதை வெட்டிவிடுவாய். இப்போது கத்தரியை நான்தான் போடுகிறேன். வண்டு முக்கால்வாசி போகிறது, கால்வாசி நிற்கிறது.

எதையாவது மாற்றித் தொலைத்திருப்பேன் என்று நீ ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். நீ வைத்தது வைத்தபடி இருக்கிறது. மைக்கும், அதன் சத்தத்தைப் பெரிதாக்குகிற பழைய இரும்புப் பெட்டியும் நம் ஒலிப்பதிவு அறைக்குள். லேப்டாப் ஹாலில். நடுவே சுவரில் நீ துளை போட்டுக் கோத்த ஒயர். உன் நாற்காலி கூட அங்கேயேதான் கிடக்கிறது.

மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கிற பேட்டரி அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்கிறார். ஆஸ்பத்திரியில் மெஷின்கள் பழுது பார்க்கிற வேலை. இதயத் துடிப்பைக் கோடு கோடாகப் போடுமே ஒரு மெஷின், அதிலும் நம் வண்டு வருமாம், கரண்டிலிருந்துதான் வருமாம். எது கெட்டுப்போனாலும் "முதல்ல பேட்டரியில ஓட்டிப் பாரு" என்பார். அம்மா வைத்த பெயர் அது. வரச் சொல்லட்டுமா?

உன்
சின்னவள்


ஜூன் 8

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவிடம் சொல், எனக்குக் கை வலிக்கவில்லை.

முதலில் ஒரு விஷயம். அவளை எதற்கு அக்கா என்கிறாய்? வழியில் பார்க்கிற பெண்களை எல்லாம் அக்கா என்பது உலக வழக்கம்தான், பஸ்ஸில் இடம் கேட்கும்போது நானும் சொல்வேன். மாடியில் துணி காயப்போடும்போது கூப்பிட்டுக்கொள். நம் அறைக்குள் வரப்போகிறவளை அப்படி எழுதியிருக்கிறாய் பார், அதுவும் ஒரே கடிதத்தில் எனக்குப் போட்ட அதே வார்த்தையை, அதைப் படித்தபோது வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. இதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது.

அந்த அறையில் ஒவ்வொரு ஆணியும் நான் அடித்தது. லேப்டாப்பின் காற்றாடிச் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்று அதை ஹாலுக்குத் துரத்தி, சுவரைக் குடைந்து, அம்மாவிடம் திட்டு வாங்கி, சிமெண்ட்டுத் தூளை நானே பெருக்கினேன். ஆஸ்பத்திரி மெஷினைப் பார்க்கிறவள் ஆஸ்பத்திரி மெஷினைப் பார்க்கட்டும். என் நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு "இதை யாரு இப்படி மாட்டினது" என்று கேட்பதை என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

அவள் வருவதற்கு முன்பே நீயே வண்டைப் பிடித்துவிடலாம். மேடைக் கச்சேரிக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். இரும்புப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூ டிரைவரால் அந்தப் பிளக்கின் மூடியைத் திற. உள்ளே மூன்று ஒயர் இருக்கும். பச்சை ஒயர் எர்த். அதை மட்டும் கழற்றி, நுனியில் டேப் சுற்றி, உள்ளேயே மடித்து வைத்து மூடிவிடு. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வண்டு அந்த நிமிஷமே வாயை மூடும். மாடிக்காரியிடம் இதைச் சொல்லாதே. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு எர்த் என்றால் சாமி. ஒரு மணி நேரம் பிரசங்கம் வைப்பாள்.

இங்கே எனக்கு நன்றாகத்தான் போகிறது. ஒரு பெண் வாசிக்க வருகிறாள், எல்லோரும் மணி என்றுதான் கூப்பிடுகிறார்கள், குரல் அப்படி. ஒரு அத்தியாயத்தைத் தப்பே இல்லாமல் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு எழுந்து போகிறாள். உன்னைப் போல நடுவில் நிறுத்தி "அக்கா, இந்த வரி எனக்குப் பிடிக்கலை" என்று எழுத்தாளரோடு சண்டை போடுவதில்லை.

உன்
அக்கா


ஜூன் 13

அக்காவுக்கு,

வண்டு போய்விட்டது. நீ சொன்னபடியே செய்தேன். மூடியை மாட்டி, சுவிட்சைப் போட்டு, ஹெட்போனை வைத்தால் ஒன்றுமே இல்லை. அறை காலியாக இருப்பது போலக் கேட்டது. உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நீ பக்கத்தில் இல்லாததால் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "அடுப்புல வேலையா இருக்கேன், விடுடி" என்றாள்.

ஒரு வருத்தம் மட்டும். பேட்டரி அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்தார். இரைச்சல் இல்லையே, என்ன பண்ணினே என்று கேட்டார். ஒயரைக் கழற்றித் திருப்பிச் சொருகினேன், சரியாகிவிட்டது என்றேன். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "திருப்பிச் சொருகினா போற நோயில்ல இது" என்று மட்டும் சொன்னார். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, காது சூடாகிவிட்டது. நீ கேட்கும் முன்பே சொல்கிறேன், உன் நாற்காலியில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டார்.

பதிவைப் போட்டுக் காட்டினேன். இரைச்சல் போனாலும் மேலே சன்னமாக ஒரு கீச்சுச் சத்தம் இருக்கிறது என்றார். அப்புறம் எனக்கும் கேட்க ஆரம்பித்துவிட்டது, இப்போது அதைத் தவிர வேறு எதுவும் கேட்பதில்லை. அது லேப்டாப்பின் சார்ஜரிலிருந்து வருகிறதாம். பதிவு பண்ணும்போது சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார் என்கிறார். (அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். "சொன்னேனா இல்லையா" என்று என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.) செய்யலாமா? உன்னைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம் என்று இருக்கிறேன்.

மணி ஒரே மூச்சில் வாசிக்கட்டும். நல்ல நுரையீரல் போலிருக்கிறது. நீ அவளுக்கும் சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுக்கிறாயா, அல்லது பெரிய ஸ்டூடியோவில் அதற்குத் தனி ஆள் உண்டா என்று எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

சின்னவள்


ஜூன் 17

சின்னவளே,

சொன்னேன் அல்லவா. சுவரைக் குடைந்தவளுக்குத் தெரியாதா சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று.

மாடிக்காரிக்கு முகம் விழுந்திருக்குமே. வந்த காரியம் ஏற்கனவே முடிந்துவிட்டது, சும்மா திரும்பிப் போக மனசு வராமல் ஒரு கீச்சுச் சத்தத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். இல்லாத வியாதிக்கு மருந்து எழுதுகிற டாக்டர்களும் அந்த ஆஸ்பத்திரியில்தான் இருப்பார்கள். சரி, அவள் ஆசையை எதற்குக் கெடுப்பானேன். சார்ஜரைப் பிடுங்கிக்கொள், என்ன குடியா முழுகிவிடப் போகிறது.

தரையில் உட்கார்ந்தாள் என்று எழுதியிருக்கிறாய். தரையில் உட்கார்ந்தால் உரிமை இன்னும் அதிகம் என்று அர்த்தம். விருந்தாளிதான் நாற்காலியில் உட்காருவாள்.

இந்தக் கடிதத்திலும் ஒரு இடத்தில் அவளை அக்கா என்று எழுதியிருக்கிறாய். என்னையும் ஒரே ஒரு இடத்தில்தான். எண்ணிப் பார்த்தேன். எண்ணிப் பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனாலும் எண்ணினேன்.

சுக்குத் தண்ணீர் இங்கே மெஷினில் வருகிறது. வாயில் வைக்க முடியாது.

அக்கா


ஜூன் 21

அக்காவுக்கு,

இதைப் படிக்கும்போது அம்மா நன்றாக இருக்கிறாள் என்று முதலில் தெரிந்துகொள். வலது மணிக்கட்டில் எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது, கட்டுப் போட்டிருக்கிறார்கள். வேறு ஒன்றுமில்லை. போன் பண்ண வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். "அவ வேலையப் போட்டுட்டு ஓடி வந்துருவா" என்றாள். எனக்கும் உன்னோடு பேசப் பிடிக்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பதிவு செய்தேன். பாதியில் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். அம்மா அந்த நேரம் பார்த்து ஈரத் துணியோடு அறைக்குள் போயிருக்கிறாள். தூசி படிந்திருக்கிறதே என்று இரும்புப் பெட்டியைத் துடைத்திருக்கிறாள், வெறுங்காலோடு. கத்தக்கூட இல்லை. ஏதோ விழுகிற சத்தம்தான் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மேஜைக்கும் சுவருக்கும் நடுவே கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை. கரண்டு அடித்து உதறிவிட்ட வேகத்தில் மேஜை விளிம்பில் கை அடிபட்டிருக்கிறது. அப்படித் தூக்கி எறிந்ததே நல்லதாம், பிடித்து இழுத்திருந்தால் வேறு கடிதம் எழுதியிருப்பேன்.

நான் போட்ட சத்தத்தில் பேட்டரி அக்கா இறங்கி வந்தார். மெயினை அணைத்தார், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார், திரும்பி வந்து பிளக்கைத் திறந்தார். பச்சை ஒயர் டேப்பைச் சுற்றிக்கொண்டு மடங்கிக் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு டேப்பைப் பிரித்துப் பார்த்தார். அப்புறம் "இது எப்பலருந்து?" என்றார். சொன்னேன். "எங்கிட்ட ஏம்மா மறைச்சே? இது தெரிஞ்சிருந்தா நான் சார்ஜரைப் பிடுங்கச் சொல்லியிருப்பேனா?" என்று கேட்டார்.

எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார், உனக்கும் எழுதுகிறேன். அந்தப் பழைய பெட்டிக்குள் எங்கோ கரண்டு கசிகிறது. கசிகிற கரண்டு பச்சை ஒயர் வழியாக ஆபத்தில்லாமல் மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை நாம் கழற்றிவிட்டோம். அப்புறமும் நம்மை அது அடிக்காததற்குக் காரணம், லேப்டாப் சார்ஜரின் எர்த். சுவர்த் துளை வழியாகப் போகிற ஒயரில் ஏறி, சார்ஜர் வழியாக மண்ணுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சார்ஜரையும் பிடுங்கியதும் அந்தப் பாதையும் போயிற்று. மிச்சமிருந்த பாதை அம்மாவின் ஈரக்கை.

நீ அவரிடம் சொல்லாதே என்றாய். அவர் சார்ஜரைப் பிடுங்கு என்றார். நீயும் பிடுங்கிக்கொள் என்று எழுதினாய். எர்த்தைக் கழற்றச் சொன்னவள் நீதானே, பிடுங்கலாமா என்று நான் கேட்டபோது உனக்கு அது ஞாபகம் வரவேயில்லையா? எத்தனை தடவை அக்கா என்று எழுதியிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்தாயே, அந்த நேரத்தில்?

சின்னவள்


ஜூன் 24

சின்னவளுக்கு,

கடிதத்தைப் பிரித்த உடனே போன் பண்ணினேன். அம்மா பீரோவைத் திறந்து எடுத்திருப்பாள் போல. "நல்லாத்தான் இருக்கேன். இடது கையால பேசறேன். எதுவா இருந்தாலும் எழுது" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதன் பிறகு எடுக்கவே இல்லை. லீவு கேட்டேன், அடுத்த மாதம்தான் என்கிறார்கள்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதுகிற எல்லாம் அசிங்கமாக வருகிறது. சார்ஜரைப் பிடுங்கச் சொன்னது அவள்தானே என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். அத்தனை வருஷம் மெஷின் பார்க்கிறவள் ஒரு பிளக்கைத் திறந்து பார்த்திருக்க வேண்டாமா என்று இன்னொரு பக்கம் எழுதினேன். அதையும் கிழித்தேன். பார், கிழித்ததை எல்லாம் எப்படியோ இதில் எழுதிவிட்டேன். அம்மா கையில் கட்டுப் போட்டுக்கொண்டு இருக்கும்போது எனக்கு அந்தப் பெண் மேல்தான் ஆத்திரம் வருகிறது என்றால் நான் என்ன ஜென்மம் என்று புரியவில்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: ஞாபகம் வரவில்லை. நீ எழுதியிருந்த சார்ஜர் என்ற வார்த்தையை நான் படிக்கவே இல்லை. அவள் சொன்னாள் என்பதை மட்டும்தான் படித்தேன்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது அவள். நான் போயிருக்க வேண்டிய ஆட்டோவில் அவள் போயிருக்கிறாள். அதுவும் எரிகிறது. மன்னித்துக்கொள்.

மாதிரிப் பதிவு என்ன ஆயிற்று?

அக்கா


ஜூன் 30

அக்காவுக்கு,

அம்மா இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டாள். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "ரெண்டு பேருக்கும் சண்டை போட என் கைதான் கெடச்சுதா? எழுதி முடிங்கடி சீக்கிரம்" என்றாள். அவளுக்குக் கோபமில்லை. எனக்கு இருக்கிறது, ஆனால் அது வேறு கோபம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பேட்டரி அக்கா நாலு நாள் சாயங்காலம் வந்தார். பெட்டிக்குள் டிரான்ஸ்பார்மர் கெட்டுக் கசிந்துகொண்டிருந்தது, புதிது மாற்றினார். பச்சை ஒயரைத் திரும்ப மாட்டினார். மாட்டியதும் வண்டு வந்து உட்கார்ந்துகொண்டது. அப்போதுதான் அது ஏன் வருகிறது என்று தேடினார். உன் துளையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து நடந்து பார்த்தார். பெட்டி, அறையின் சுவிட்சிலிருந்து கரண்டு எடுக்கிறது. லேப்டாப் ஹால் சுவிட்சிலிருந்து எடுக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி எர்த். நடுவே நம் ஒயர் இரண்டையும் கோத்துவிடுகிறது. ஒரு எர்த்திலிருந்து இன்னொரு எர்த்துக்குக் கரண்டு சுற்றிச் சுற்றி வருகிறது, அந்தச் சுற்றுதான் வண்டு. "ரெண்டு எர்த் வச்சுக்கிட்டா சத்தம் வராம என்ன செய்யும்? எல்லாத்தையும் ஒரே எடத்துல சொருகு" என்றார். ஒரு பவர் பாக்ஸ் வாங்கி அறை சுவிட்சில் மாட்டி, லேப்டாப்புக்கு அதிலிருந்தே ஒயர் இழுத்தார். அதுவும் நீ போட்ட துளை வழியாகத்தான் போயிற்று. "நல்ல வேளை, யாரோ புண்ணியவதி துளை போட்டு வச்சிருக்கா" என்று சொன்னார். உனக்கு எழுத வேண்டும் என்று குறித்து வைத்துக்கொண்டேன்.

மைக் ஒயரும் கரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தன, பிரித்துவிட்டார். தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் குறுக்கே தாண்டவேண்டுமாம். பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் ஒரே இடத்தில் கரண்டு வந்ததும் கீச்சும் போய்விட்டது. எர்த் இருக்கிறது, வண்டு இல்லை.

இனி என் கோபம்.

பதிவு செய்தேன். வழக்கம் போலக் கத்தரியைப் போட்டேன். "அது என்ன?" என்றார். வண்டு எந்தெந்த இடத்தில் நிற்குமோ, ஐம்பது, நூறு, நூற்றைம்பது, இருநூறு ஹெர்ட்ஸ், அங்கெல்லாம் வெட்டுவது, அக்கா போட்டுக் கொடுத்தது என்றேன். "வண்டுதான் இல்லையே, இப்ப எதை வெட்டுது?" என்று கேட்டார். கத்தரியை எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தோம்.

அக்கா, அது என் குரல் இல்லை என்று நினைத்தேன். அடியில் கனமாக, கொஞ்சம் கரகரப்பாக, மண்பானைக்குள் பேசுவது போல இருந்தது. ஹாலில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு "யாருடி பேசறது?" என்றாள்.

வண்டு இருந்த இடத்திலேயேதான் என் குரலின் அடிப்பாகமும் இருந்திருக்கிறது. வண்டை வெட்டும்போது அதையும் சேர்த்து வெட்டியிருக்கிறாய். எத்தனை வருஷம். பள்ளிக்கூடப் பாடம் வாசிக்கப் போனேன், குரலில் கனம் இல்லை என்றார்கள். வானொலி நாடகத்துக்கு அனுப்பினேன், தோழி வேஷத்துக்குச் சரி, அம்மா வேஷத்துக்கு வராது என்றார்கள். நான் தொண்டையைத் திட்டிக்கொண்டு சுக்குத் தண்ணீர் குடித்தேன், போட்டுக் கொடுத்தவள் நீ. நீ ஒரு நாள்கூட அதைக் கழற்றிவிட்டுக் கேட்டதில்லையா? மணிக்கும் இந்தக் கத்தரியைத்தான் போடுகிறாயா?

கத்தரி போடாத பதிவை அனுப்பினேன். பதிப்பகத்திலிருந்து பேசினார்கள். "இவங்களே வாசிக்கட்டும். போன தடவை அனுப்பினீங்களே, அந்தப் பொண்ணு வேண்டாம்" என்றார்கள். இரண்டும் நான்தான் என்று அவர்களிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

ஒலிப்பதிவு செய்தவர் யார் என்று புத்தகத்தில் போட வேண்டுமாம். பேட்டரி அக்காவைக் கேட்டேன், "நான் ஒயரைத்தான் சொருகினேன்" என்கிறார். என்ன எழுதட்டும்? இதோடு அனுப்புகிற பென் டிரைவில் இரண்டு பதிவும் இருக்கிறது. கத்தரியோடு ஒன்று, இல்லாமல் ஒன்று.

சின்னவள்


ஜூலை 6

சின்னவளே,

இரண்டையும் கேட்டேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போனதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

இரண்டாவது பதிவில் நீ வாய் திறந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அம்மா பேசுகிறாள் என்று நினைத்தேன். நமக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சன்னமாகக் கதை சொல்வாளே, அந்த அடிக்குரல். அது உனக்கு இருந்திருக்கிறது. அறையில் எதிரே உட்கார்ந்து நீ பேசும்போது எனக்கு அது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். பதிவில் கேட்டபோது என் காது வண்டை மட்டும்தான் தேடியது. அது செத்ததா என்று பார்ப்பேன், செத்திருந்தால் சந்தோஷமாக எழுந்துவிடுவேன். நீ மிச்சம் இருக்கிறாயா என்று பார்க்கவில்லை.

ஒரு நாள்கூடக் கழற்றிக் கேட்டதில்லையா என்கிறாய். இல்லை. வண்டு எங்கிருந்து வருகிறது என்று நான் தேடாததும் ஏன் என்று இந்த வாரம் முழுக்க யோசித்தேன். எனக்குத் தேடத் தெரியாது என்பது பாதி. அது இருக்கிற வரைக்கும் நீ என்னைக் கூப்பிடுவாய் என்பது மீதியா என்று சந்தேகமாக இருக்கிறது. சத்தியம் பண்ணி இரண்டு பக்கமும் சொல்ல முடியவில்லை.

மணிக்குக் கத்தரி போடுவதில்லை. அவளுக்கு எதையும் போடுவதில்லை, ஏனென்றால் என்னை இங்கே ஒரு ஒயரையும் தொட விடுவதில்லை. நான் பார்க்கிற வேலை, மற்றவர்கள் பதிவு செய்ததில் மூச்சு இழுக்கிற சத்தங்களைத் தேடி வெட்டுவது. நாள் முழுக்க மூச்சு. மணி என்னிடம் இதுவரை பேசியது "கதவைச் சாத்திட்டுப் போங்க" என்ற ஒரு வாக்கியம்தான். பெரிய ஸ்டூடியோ என்று உன் வயிற்றெரிச்சலைக் கிளப்பத்தான் அவளைப் பற்றி எழுதினேன். நீ சுக்குத் தண்ணீர் பற்றிக் கேட்டபோது, பலித்தது என்று சந்தோஷப்பட்டேன். அன்று முழுக்க யார் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை.

அந்தக் குரலை முழுசாக முதலில் கேட்டவள் மாடிக்காரி. எனக்கு அதுதான் தாங்கவில்லை. பச்சை ஒயர், அம்மாவின் கை, பதிப்பகம், எல்லாவற்றுக்கும் நான் தலையைக் குனிகிறேன். இது ஒன்றுக்கு மட்டும் பொறாமையாகவே இருக்கிறது, அது போகவும் போகாது.

பதினாறாம் தேதி வருகிறேன், லீவு கொடுத்துவிட்டார்கள். அம்மாவிடம் சொல், கட்டுப் பிரிக்கப் போகும்போது ஆட்டோவில் நான்தான் பக்கத்தில் உட்காருவேன்.

புத்தகத்தில் ஒலிப்பதிவு என்ற இடத்தில் அவள் பெயரைப் போடு. வேண்டாம் என்றால் நான் சொன்னேன் என்று சொல். சுவரில் துளை போட்ட புண்ணியவதி சொன்னாள் என்று சொல். அடுத்த அத்தியாயம் பதிவு செய்யும்போது தரையில் உட்கார விடாதே, முதுகு போய்விடும். என் நாற்காலியில் உட்காரச் சொல். உயரத்தைக் குறைக்கிற பிடி வலது பக்கம் இருக்கிறது, கொஞ்சம் அழுத்தி இழுக்க வேண்டும்.

ஆனால் அவளை அக்கா என்று கூப்பிடாதே. அந்தம்மா என்று சொல், மேடம் என்று சொல், பேட்டரி என்றே சொல். இரண்டு எர்த் வைத்துக்கொண்டால் சத்தம் வராமல் என்ன செய்யும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

உன்
அக்கா